ஆளுக்கு ஒரு கரண்டி

போன வருடம் தை மாதம், பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் நடந்தது இது. என் கணவரின் அக்கா புதிதாக வீடு கட்டிக் குடிபுகுந்தார். கணவரின் அக்காவை எங்கள் பக்கம் நங்கையா என்றுதான் கூப்பிடுவோம். அதற்கு இரண்டு மாதம் முன்பு எனக்கு உடல் எடையைக் குறைக்கும் ஆபரேஷன் நடந்திருந்தது. அழகுக்காகச் செய்துகொண்டதல்ல. சர்க்கரை ஏறி, முட்டி தேய்ந்து, படுத்தால் மூச்சு விட்டுவிட்டு வந்ததால், வேறு வழியில்லை என்று இரைப்பையில் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டார்கள். மிச்சமிருப்பது ஒரு வாழைப்பழம் அளவு.

பீளமேட்டில் என் வீட்டில் இருக்கும்வரை கஷ்டமில்லை. குழந்தைக்குச் சோறு ஊட்டும் கிண்ணம் ஒன்று வைத்திருந்தேன். அதில் போட்டுக்கொண்டு, கூழாகும்வரை மென்று, கிண்ணம் காலியானதும் எழுந்துவிடுவேன். பசியையும் நம்பாதீர்கள், கண்ணையும் நம்பாதீர்கள், கிண்ணத்தை மட்டும் நம்புங்கள் என்று ஆஸ்பத்திரியில் உணவு முறை சொல்லித்தந்த பெண் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அன்றைக்கும் அது என் கைப்பையில்தான் இருந்தது. ஆனால் சொந்தபந்தம் மொத்தமும் உட்கார்ந்திருக்கும் பந்தியில், தலைவாழை இலைக்கு முன்னால், அதை வெளியே எடுக்கக் கூச்சமாக இருந்தது. இலையிலேயே கொஞ்சமாக வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

யாரும் என்னை வற்புறுத்தவில்லை. இதை நான் அழுத்திச் சொல்லியாக வேண்டும். ஆபரேஷன் விஷயம் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் ஆளுக்கு ஒரே ஒரு கரண்டியோடு வந்தார்கள். விருந்துக்கு வந்தவள் இலையில் வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவரும் தன் கையால் எதையாவது வைக்க வேண்டும். வைக்காவிட்டால் எங்கள் பக்கம் அது ஒரு குறை. ஒருத்தி இடியாப்பம் மாதிரியான சந்தகையைத் தேங்காய்ப்பாலில் ஊறவைத்துக் கொண்டுவந்தாள். ஒருத்தி ஒப்பிட்டில், அதுதான் போளியில், ஒரு துண்டைப் பிய்த்து வைத்தாள். நங்கையா நெய் ஊற்றிய அரிசியும்பருப்பும் கொண்டுவந்தார்.

"பயந்துக்காத அம்மணி, ஒரே கரண்டிதான். உனக்குன்னே தனியாக் கொழைய வெச்சேன்" என்றார்.

அத்தனை கரண்டியும் சேர்ந்தும் அந்தப் பெரிய இலையில் ஒரு மூலையைத்தான் அடைத்தது. பார்த்தால் பாவமாக இருந்தது. பேசிக்கொண்டே சாப்பிட்டேன்.

மூக்கு ஒழுக ஆரம்பித்தது. காரம் சாஸ்தியாகிவிட்டதா என்று நங்கையா பதறினார். காரமில்லை. வயிறு நிறைந்துவிட்டதற்கு என் உடம்பு காட்டும் அடையாளம் அது. உடனே எழுந்திருக்க வேண்டும். ஆனால் பக்கத்து இலைகளில் பெரியவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பாதியில் எழுவது மரியாதையில்லை என்று உட்கார்ந்திருந்தேன். சும்மா உட்கார்ந்திருக்கவும் முடியாமல், மீதமிருந்த ஒப்பிட்டையும் வாயில் போட்டேன்.

நெஞ்சுக்குழியில் கல்லை வைத்து அடைத்ததுபோல ஆனது. கை கழுவும் குழாய்வரை போனேன், அங்கேயே விழுந்தேன். வாயில் நுரை நுரையாக வந்தது. வாயு என்று நினைத்து யாரோ சோடா கொடுத்தார்கள். என் எச்சிலையே என்னால் விழுங்க முடியவில்லை. செத்துவிடுவேன் என்றுதான் நினைத்தேன். என் கணவர் காரை ஓட்ட, கிரகப்பிரவேசப் பட்டுப்புடவையோடு நங்கையா பின்சீட்டில் என் தலையை மடியில் வைத்துக்கொண்டார். கோவை வரும்வரை நான் அந்தப் புடவையில்தான் வாந்தியெடுத்தேன்.

தையல் பிரிந்திருந்தால் உயிருக்கே ஆபத்து, இவர் எவ்வளவு சாப்பிட்டார் என்று டாக்டர் கேட்டார்.

"நான் ஒரு கரண்டிதானுங்க வெச்சேன்" என்றார் நங்கையா. பின்னாலேயே வேறு காரில் வந்த பெண்களும் அதையேதான் சொன்னார்கள். ஒருவரும் பொய் சொல்லவில்லை. மொத்தக் கணக்கு மட்டும் யாரிடமும் இல்லை.

தையல் பிரியவில்லை. குழாய் விட்டு, அடைத்திருந்ததை எடுத்தார்கள். சில நாள் டிரிப்ஸில் கிடந்து வீட்டுக்கு வந்தேன். நங்கையா தினமும் ஆஸ்பத்திரிக்கு வந்தார், ஆனால் கட்டிலுக்குப் பக்கத்தில் வரவில்லை. கதவோரமே நின்றார். "புது ஊட்டுல மொத மொதல்ல உனக்குத்தான் பாத்துப் பாத்து ஆக்குனேன். நானே உன்னயக் கொன்னுபோட்டிருப்பனே, கண்ணு" என்று ஒரே ஒருமுறை சொன்னார். அது உங்கள் தப்பில்லைங்க என்று எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். தலையை ஆட்டினார், அவ்வளவுதான்.

போன மாதம் மறுபடி அந்த வீட்டுக்குப் போயிருந்தோம். நங்கையா என் கிண்ணத்தை வாங்கிக் கழுவித் துடைத்து என் முன்னால் வைத்தார். பக்கத்தில் சோற்றுப் பாத்திரத்தையும் கரண்டியையும் வைத்தார். "நீயே போட்டுக்க கண்ணு" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போனவர், நான் சாப்பிட்டு முடிக்கும்வரை வெளியே வரவில்லை. எனக்கு எந்தக் கெடுதலும் இல்லாமல் உயிர் திரும்பிவிட்டது. வருகிறவர்களுக்கெல்லாம் அள்ளி வைத்தே பழகிய அந்தக் கைக்கு என் முன்னால் மட்டும் வந்த பயத்தை எப்படிப் போக்குவது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.