அம்மா அவரிடம் மட்டும் சொன்னது

ஜெசிந்தா அக்கா போய்விட்டார். இன்று காலை ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது நெஞ்சுவலி... ஆஸ்பத்திரி வாசலிலேயே முடிந்துவிட்டதாம்.

கம்பெனி பஸ் குரூப்பில்தான் பார்த்தேன். அவர் போட்டோவுக்குக் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள்... அதற்கும் கீழே, "நாளைக்கு ஜெனரல் ஷிஃப்ட் பஸ் லேட்டா வரும்."

பாப்பா மடியில் தூங்குகிறாள். ஒரு கையால் டைப் செய்கிறேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரகடத்தில் அக்காவும் நானும் ஒரே கம்பெனி, ஒரே குவாலிட்டி செக்‌ஷன். உங்களில் பலருக்கு அவரை வேறு மாதிரி தெரிந்திருக்கும். ஒருதலையாகப் பின்னாலேயே சுற்றி, கடைசியில் கொன்றும் போட்டவர்களின் கதைகள்... நம் வட்டாரத்தில் நிஜமாக நடந்தவற்றை ஞாயிறுதோறும் இங்கே பதிவாக எழுதியவர் அவர்தான்.

நானும் எழுதுகிறவள்தான். எம்.ஏ. படித்தவள் வேறு. நான் ஏதாவது போட்டால் சித்தி ஒரு ஹார்ட் விடுவார். அக்கா போட்டால் திங்கட்கிழமை பஸ்ஸில் எல்லார் கையிலும் அதுதான்.

பொறாமை இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது... அதை மறைத்துவிட்டு அஞ்சலி எழுத எனக்கு வரவில்லை.

மெயின்டனன்ஸ் பிரபு ஒருநாள் பின் சீட்டிலிருந்து கத்தினான். "இன்னாக்கா, அந்தப் பொண்ணு டிபன் பாக்ஸ்ல இன்னா இருந்துச்சுன்னு இவ்ளோ எழுதிக்கிற... கொன்னவன் பேரையே காணோம்?"

"அவன் பேரு கோர்ட்ல கீதுடா, போய்ப் படிச்சுக்கோ. அவ இன்னா சாப்ட்டான்னு எங்க கீது, சொல்லு?"

"அதான் நீ கீறியேக்கா!"

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று கம்பெனி கேட் வரைக்கும் வயிறு எரிந்துகொண்டே...

என் அம்மாவுக்கு சாந்தி என்று ஒரு சிநேகிதி. 1991இல் இருவரும் மறைமலை நகரில் ஒரு சின்ன கம்பெனியில் மோட்டாருக்கு செம்புக் கம்பி காயில் சுற்றினார்கள். ஒரே ரூம், ஒரே வேன்.

கூட வேலை பார்த்த ஒருவன் சாந்தி பின்னாலேயே சுற்றினான். அவள் முடியாது என்றாள். ஒரு சாயங்காலம், வேனை விட்டு இறங்கின இடத்திலேயே குத்திக் கொன்றுவிட்டான்.

அந்த வருடம் நம் பக்கம் என்றாலே பேப்பருக்கு குண்டுவெடிப்பில் இறந்த அந்தத் தலைவரின் மரணம்தான். சாந்திக்கு ஏதோ ஒரு மூலையில் நாலு வரி. அதிலும் "காதல் தகராறு" என்று போட்டிருந்தார்களாம். அவள் அவனிடம் பேசினதே இல்லை.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அதுவும் பெரியப்பா சொல்லி. அம்மாவிடம் கேட்டால் மிக்ஸியைப் போட்டுவிடுவாள்.

பாப்பா பிறந்து நான் லீவில் இருந்தபோது அக்கா பார்க்க வந்தார். சாந்தி விஷயத்தை நான்தான் முன்பே அவரிடம் சொல்லியிருந்தேன். நான் உள் ரூமில் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஹாலில் அவரும் அம்மாவும்.

"ஏம்மா... அந்த சாந்தி சிரிச்சா எப்டிமா இருக்கும்?"

மிக்ஸி ஓடவில்லை.

"சத்தமே வராது ஜெசிம்மா. தோளு மட்டும் குலுங்கும். வேன்ல பக்கத்துல குந்திகினு இருக்கிற எனக்குத்தான் தெரியும், இவ சிரிக்கிறான்னு."

அப்புறம் அம்மாவின் பேச்சு நிற்கவே இல்லை. அவன் ஷிஃப்ட் மாற்றி மாற்றி சாந்தியின் வேனிலேயே வந்தது. "பாவம், லவ் பண்றான்" என்று கூட இருந்தவர்களே அவனுக்கு ஷிஃப்டை விட்டுக்கொடுத்தது. அவன் ஏறினால், சாந்தியின் பக்கத்து சீட்டில் இருப்பவர் கிண்டலாகச் சிரித்துக்கொண்டே எழுந்து இடம் விட்டது...

"அன்னிக்கும் ஏறினான் ஜெசிம்மா. அவ என் கைய கெட்டியா புடிச்சுகினா. நான்..."

அதற்குமேல் அம்மாவின் குரல் இறங்கிவிட்டது.

எழுந்து போகலாம் என்றால் பாப்பா வாயை எடுக்கவில்லை. என் அம்மா, என் வீட்டு ஹால்... சுவருக்கு இந்தப் பக்கம் நான்.

அக்கா கிளம்பியதும் கேட்டேன். "நான் எத்தனை வாட்டி கேட்டிருப்பேன்... என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"உன்கிட்டயா? கொழந்த ஒரு தும்மல் போட்டாலே டாக்டராண்ட ஓடுற. இதெல்லாம் சொன்னா பொண்ண ஸ்கூலுக்கே அனுப்பமாட்ட."

அனுப்பமாட்டேன்தான்.

பிறகு சாந்தியைப் பற்றிய பதிவு வந்தது. தோள் குலுங்கும் சிரிப்பு இருந்தது. ஷிஃப்ட் மாற்றினது, சீட்டு விட்டது எல்லாம் இருந்தது. அந்த "நான்..."க்குப் பிறகு அம்மா சொன்னது மட்டும் இல்லை.

அக்காவுக்கு போன் போட்டேன். "அப்புறம் அம்மா என்னக்கா சொன்னாங்க?"

"அது உங்கம்மாவுதுடி. அவங்களாண்டயே கேளு."

"என்கிட்ட சொல்லமாட்டாங்கக்கா."

"அப்ப பக்கத்துல குந்திகினு இரு. வாய மூடிகினு. அதுதான் உனக்கு வராது!"

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்று காலை விஷயத்தைச் சொன்னதும் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். எதுவும் கேட்கவில்லை. வாயைத் திறக்கவே இல்லை.

ரொம்ப நேரம் கழித்து அம்மாதான் பேசினாள். "அடக்கம் எப்போ?"

"நாளைக்குமா. பென்னலூர்ல. நானும் வரேன், சேர்ந்தே போயிட்டு வந்துடலாம்."

"நீ வேணாம். கொழந்தைய வச்சுகினு வூட்லயே இரு. நான் மட்டும் அவளாண்ட போய்ட்டு வரேன்."

அக்கா... நாளைக்கு அம்மா வருவாள். தனியாகத்தான் வருவாள். இப்போதும் உங்களிடம்தான்.

போய் வாருங்கள்.