உட்காரத் தெரியாதவளை வரைந்த நாள்

1983 ஜூன் 11, இரண்டாம் சனிக்கிழமை. நாலே முக்காலுக்கு எழுந்தேன். ஐந்தரைக்குக் காப்பி, ஏழரைக்கு இட்லி, எட்டரைக்குள் சாம்பாரும் ஒரு பொரியலும். அரசு அலுவலகங்களுக்கு விடுமுறை என்பதால் என் கணவர் ஓய்வெடுத்தார். நானும் அதே அரசிடம்தான் வேலை பார்த்தேன். ஒன்பதே காலுக்குக் குடையை எடுத்துக்கொண்டு கிழக்கேகோட்டையிலிருந்து ஆரியசாலைக்கு நடந்தேன்.

அங்கே ஒரு மிளகாய் மண்டியின் மாடியில் நாங்கள் ஐந்து பெண்கள் வாரம் ஒருமுறை கூடுவோம். படம் வரையவும், மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி அதன் வழியே மை தள்ளிச் சுவரொட்டி அச்சடிக்கவும் பழகிவந்தோம். முந்திய வருடம் ஓர் ஓவிய ஆசிரியரிடம் போனோம். அவரிடம் ஆண்களுக்கு மனித உருவம், எங்களுக்குச் செம்பருத்தி. ஏழு மாதம் செம்பருத்தி வரைந்தேன். கண்காட்சியில் என் படத்தை எல்லோரும் பாராட்டினார்கள். முக்கால்வாசியை அவரே திருத்தி வரைந்திருந்ததால் பாராட்டில் தவறில்லை. அதன்பின் ஆசிரியரே வேண்டாம் என்று இரண்டு விதிகள் வைத்துக்கொண்டோம். ஒருத்திக்குத் தெரிந்ததை மற்றவளுக்குச் சொல்லித்தர வேண்டும். ஒருத்தியின் தாளில் இன்னொருத்தி பென்சில் வைக்கக் கூடாது.

பக்கத்துச் சாலை பஜாரின் ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நின்று விற்கும் பெண்களுக்கு உட்கார ஒரு ஸ்டூல் வேண்டும். அன்றைய சுவரொட்டி அதற்காகத்தான். பார்த்து வரைவதற்காக, அப்படியொரு கடையில் பதினொரு வருடமாக நிற்கும் ஒருத்தி, முதலாளியிடம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். நாகர்கோவில் பக்கத்துக்காரி.

ஸ்டூலில் உட்காரவைத்தோம். நான் கால்வாசி வரைந்தபோது எங்களில் ஒருத்தி தண்ணீர்க் குடத்துடன் உள்ளே வந்தாள். இவள் எழுந்துவிட்டாள். மறுபடி உட்காரவைத்தேன். மண்டிக்காரர் சாவி கேட்டு வந்தார், எழுந்தாள். தெருவில் கார் வந்து நின்ற சத்தத்துக்கும் எழுந்தாள்.

"ஏன்டி எழுந்துக்கறே?"

"நானா எந்திரிக்கேன்? காலுதான் எந்திரிக்கி அக்கா. ஆளு வந்தா பின்னே எப்படி இருக்க?"

பத்து ஐம்பதுக்குக் கதவைத் தாழிட்டோம். பன்னிரண்டு மணிக்குப் படம் முடிந்தது. கையும் காலும் சுமார். முகம் மட்டும் அவளேதான். நாற்பத்தாறு வயதில் நான் வரைந்த முதல் மனித முகம்.

பன்னிரண்டே காலுக்குக் கதவு தட்டப்பட்டது. வந்தவர் எங்கள் நலம்விரும்பி, பெண் விடுதலை பற்றி எங்களைவிட நன்றாகத் தெரிந்த சங்கத்துக்காரர். கேட்காமலே ஒரு படம் வரைந்து கொண்டுவந்திருந்தார். அதில் ஒருத்தி சங்கிலியை உடைத்துவிட்டு, கொடியை உயர்த்தி, சூரியனுக்கு முன்னால் நின்றாள். இடுப்பு என் மணிக்கட்டு அளவு.

என் படத்தைப் பார்த்தார். "சேச்சி, இதில ஒரு ஆவேசம் இல்லல்லோ. இவ சும்மா இருக்கா."

"அதைத்தானே கேக்கறோம் சார்."

"தாங்க, நான் கொஞ்சம் சரியாக்கித் தரேன்."

கதவு தட்டியதிலிருந்து நின்றுகொண்டிருந்தவள் அவருடைய படத்தைச் சுட்டிக்காட்டினாள். "சார், இவளும் நின்னுட்டுல்லா இருக்கா. பாவம், இவளுக்கும் ஒரு ஸ்டூலு போட்டுக் குடுங்க."

அவருக்கு வேறொரு கூட்டத்தில் தலைமை தாங்க வேண்டியிருந்தது. போய்விட்டார்.

பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள். "அக்கா, மொகம் வேண்டாம். மொதலாளி கண்டா எனக்க ஜோலி போவும். காலு மட்டும் போதும்."

"முகம்தாண்டி நன்னா வந்திருக்கு."

"உங்களுக்கு நன்னா வந்திருக்கு."

படத்தில் இருப்பவளைக் கேட்காமல் திருத்துகிற ஆண்களைப் பற்றி ஒரு வருடமாகப் பேசிவந்த நான், அந்த முகத்துக்காக அவளிடம் கால் மணி நேரம் வாதாடினேன். அவள் அசையவில்லை. கடைசியில் கால்களை மட்டும் புதிதாக வரைந்தேன்: வீங்கிய கணுக்கால்கள், ஒரு பாதத்திலிருந்து பாதி கழன்ற செருப்பு, ஸ்டூலின் மூன்று கால்கள். நாற்பது பிரதிகள் அச்சடித்தோம். மழை ஈரத்தில் மை காயவில்லை. மாடி முழுக்கக் கயிறு கட்டித் தொங்கவிட்டு வந்தோம்.

முகம் இருந்த தாளைக் கிழித்துவிடுவதாக அவளிடம் சொல்லியிருந்தேன். கிழிக்காமல் மடித்து, டைரிக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். அதில் அவள் பெயர் இல்லையே என்று சமாதானம் வேறு. பெயர் எதற்கு? சாலை பஜாரில் யார் பார்த்தாலும் ஆளைச் சொல்லிவிடுவார்கள். அவ்வளவு நன்றாக வரைந்திருந்தேன்.

மறுநாள் ஞாயிறு. நாலே முக்காலுக்கு எழுந்ததும் முதல் வேலையாக அந்தத் தாளை எடுத்து வெந்நீர் அடுப்பில் போட்டேன்.