மூன்று மிளகாயும் பின்னோக்கி நடந்த வகுப்பும்

இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையை மக்கு என்றோ கெட்டி என்றோ வாய்விட்டுச் சொல்லக் கூடாது. மிளகாயால் சொல்ல வேண்டும். நான் ஆசிரியையாகச் சேர்ந்த முதல் வாரம், ஜெராக்ஸ் இயந்திரத்திலிருந்து சூடாக வந்த பயிற்சித் தாள்களின் மூலையில் சிவப்பு மிளகாய்ப் படங்கள் இருந்தன. மெதுவாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு மிளகாய், நடுவாந்தரத்துக்கு இரண்டு, வேகக்காரர்களுக்கு மூன்று. கதை ஒன்றுதான், காரம்தான் வேறு. வேண்டியதைப் பிள்ளைகளே எடுத்துக்கொள்ளலாம். மூன்று வயது மகள் யாழினிக்குக் காரமில்லாமல் ஒரு சாம்பார், எங்களுக்குக் காரமாய் இன்னொன்று என்று காலையில்தான் வைத்துவிட்டு ஓடி வந்திருந்தேன். இங்கேயும் இதே வேலையா என்று சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மிளகு தூவினாலே தண்ணீர் தேடுகிற ஊரில், மூன்று மிளகாய் என்பது மேதைகளின் அடையாளம்!

குடவாசல் பக்கத்துக் கிராமத்திலிருந்து அரசாங்கம் கொடுத்த இலவச சைக்கிளில் பள்ளிக்குப் போய் ஆங்கிலம் கற்ற நான், இங்கிலாந்தின் வடக்கே ஒரு சின்ன ஊரில், ஆங்கிலேயப் பிள்ளைகளுக்கு ஆங்கில இலக்கியம் நடத்துகிறேன். இந்த வாக்கியத்தை எழுதும்போதே யாராவது வந்து அடித்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. என் வேலையின் பேரில்தான் எங்கள் மூவருக்கும் விசா. முதல் ஆண்டு முடிவில் துறைத்தலைவி வகுப்பில் உட்கார்ந்து பார்ப்பார். அவருக்குத் திருப்தி என்றால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். துறைத்தலைவி திருமதி ஹார்ட்லி அதை மிக இனிமையாகச் சொன்னார்: "எல்லா நிலைப் பிள்ளைகளும் நகர்வதை நான் பார்க்க வேண்டும்." வீட்டுக்கு வந்து அந்த ஒரு வரியை என் கணவரிடம் பதினைந்து விதமாகச் சொல்லிக் காட்டி, எந்த விதத்தில் கோபம் இருக்கிறது என்று கேட்டேன். "ஒண்ணுலயும் இல்ல. சாப்பிடு" என்றார்.

என் கவலை முழுதும் கானர் என்ற பையன் மேல்தான். பதின்மூன்று வயது. எப்போதும் ஒற்றை மிளகாய்த் தாளைத்தான் எடுப்பான். எடுத்ததும் மிளகாய்ப் படத்தின் மேல் கட்டைவிரலை வைத்து மறைத்துக்கொள்வான். மணி அடிக்கும்வரை அந்த விரல் நகராது, தாளும் நகராது. பக்கத்தில் அமீலியா மூன்று மிளகாயைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு, "மிஸ், நாலு மிளகாய் இருக்கா?" என்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் பேசினேன். அம்மா ஒரு காலத்தில் மிராசுதார் வயலில் கூலிக்கு நட்டவள். இப்போது சொந்தமாக இரண்டு மா நிலம் இருக்கிறது. என் கண்டத்தைச் சொல்ல வாயெடுப்பதற்குள் தன் கதையை ஆரம்பித்துவிட்டாள்.

"இன்னக்கி நம்ம வயல்ல நடவுடி. புதுசா ஒரு மருமவ வந்தா பாரு, நாலு நாத்து வைக்கிறதுக்குள்ள எங்களுக்குப் பொழுது போயிரும் போலருக்கு. இடுப்ப வேற அப்பப்ப நிமுத்திக்கிறா, மகாராணி!"

"அப்பறம்?"

"அப்பறம் என்ன? ரெண்டு பக்கமும் நாங்க நின்னு அவ பங்கயும் சேத்து நட்டுட்டோம். வரிச கோணக் கூடாதுல்ல."

இந்த வரிசைக்காக ஒரு சண்டையே நடந்திருக்கிறது. நான் பிறப்பதற்கு முன், கூலிப் போராட்டங்கள் ஊர் ஊராக நடந்த காலம். மிராசுதாரின் காரியக்காரர் வரப்பில் நின்று புது யோசனை ஒன்று சொன்னாராம்: வேகமாய் நடுகிறவளுக்குக் கூடுதல் நெல், மெதுவாய் நடுகிறவளுக்குக் குறைவு. வரிசையில் வேகமான கை என் அம்மாவுடையதுதான். அவளுக்குத்தான் லாபம். ஆனால் ஒருத்தியும் சேற்றில் இறங்கவில்லை. "நாத்து வாடுதே" என்று காரியக்காரர் கத்த, "வாடட்டும், நீங்களே எறங்கி நடுங்க, எவ்வளவு வேகம்னு பாப்போம்" என்று அம்மா சொன்னாளாம். மாலைக்குள் எல்லோருக்கும் ஒரே கூலி என்று காரியக்காரர் ஒத்துக்கொண்ட பிறகுதான் அவர்கள் கால் நனைந்தது. சிறு வயதில் இதை நூறு தடவை கேட்டு அலுத்திருக்கிறேன். இப்போது போனை வைத்த பிறகு, மேஜை மேல் கிடந்த மிளகாய்த் தாள்களைப் பார்த்தேன். நான் அந்தக் காரியக்காரரின் வேலையை அல்லவா செய்துகொண்டிருக்கிறேன்!

சோதனை நாள் வந்தது. பாடம், பொதுப் புல்வெளியை நிலக்காரர் வேலி போட்டு அடைத்ததால் அறுவடைக்கு வர மறுத்த கிராமத்தாரைப் பற்றிய பழைய கதை. நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளி, பிள்ளைகளை எட்டு எட்டுப் பேராக வரிசையில் நிறுத்தினேன். ஆளுக்கு ஒரு வாக்கியம். ஒருவர் தடுமாறினால் இரண்டு பக்கத்தாரும் சேர்ந்து படித்து முடித்து, பொருளைச் சொல்லித் தர வேண்டும். அவர் அதைத் தன் சொல்லில் திருப்பிச் சொன்ன பிறகுதான் வரிசை ஓரடி நகரும்.

"எல்லோரும் பின்னால் ஓரடி" என்றேன்.

"ஏன் மிஸ் பின்னால?" என்றான் கானர்.

எனக்கு அது கேள்வியாகவே தோன்றியதில்லை. "முன்னால் போனால் நட்டதை மிதித்துவிடுவோமே" என்றேன்.

வகுப்பே தரையைக் குனிந்து பார்த்தது. "எதை மிஸ்?" என்றாள் அமீலியா. நடவு எப்படி இருக்கும் என்று கரும்பலகை முன் குனிந்து நட்டுக் காட்டினேன். அவ்வளவுதான், எல்லோரும் குனிந்துகொண்டார்கள். குனிந்தபடி படித்து, குனிந்தபடி பின்னால் போனார்கள். சிரிப்பும் வாக்கியமுமாக கானர் நின்ற வரிசை கதவை நெருங்கியபோது கதவு திறந்தது. எட்டு முதுகுகள் திருமதி ஹார்ட்லியை வரவேற்றன. கானர் அவர் காலை மிதித்தே விட்டான்.

விசா போயிற்று என்று நினைத்தேன். விமானத்தில் யாழினிக்கு என்ன கொடுப்பது என்பதுவரை யோசித்துவிட்டேன். நாற்காலிகளெல்லாம் சுவரோரம் அடுக்கிக் கிடந்ததால் அவரும் கானர் பக்கத்தில் வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. அவருக்கும் ஒரு வாக்கியம் வந்தது. படிக்கும் கண்ணாடியைத் தன் அறை மேஜையில் வைத்துவிட்டு வந்திருந்தார். இரண்டு சொல்லோடு நின்றுவிட்டார்.

"பரவாயில்ல மிஸ், உங்க பங்கை நான் முடிக்கிறேன்" என்றான் கானர். எழுத்துக்கு எழுத்து தட்டித் தடவி, காது சிவக்க, முழு வாக்கியத்தையும் படித்தான். பிறகு, "அதாவது மிஸ், ஒருத்தன் மட்டும் வேலைக்குப் போயிட்டா மத்தவங்க தோத்துருவாங்க. அதான் யாரும் போகல" என்று அவருக்கு விளக்கினான். திருமதி ஹார்ட்லி அதைத் திருப்பிச் சொன்னார். வரிசை ஓரடி பின்னால் போனது. எனக்குக் குலவை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டேன்.

"மிளகாய்த் தாள்கள் மூன்றும் எங்கே?" என்று முடிவில் கேட்டார்.

"பையில்" என்றேன்.

தன் அறைக்குப் போய்க் கண்ணாடி போட்டுக்கொண்டு நெடுநேரம் எழுதினார். வேலை நிரந்தரம். திருத்திக்கொள்ள வேண்டியது: கதவை நோக்கிப் பின்னால் நடக்கக் கூடாது. நான் மிதக்கிற நேரம் பார்த்து அமீலியா வந்தாள். "நல்லா இருந்தது மிஸ். ஆனா என்னோட மூணு மிளகாய்?" இந்த வரிசையில் வேகமான கை அவளுடையது. பக்கத்துப் பங்கையும் சேர்த்து நட்ட என் அம்மாவுக்கு முதுகு வலித்ததா என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

பேருந்து நிறுத்தத்தில் யாழினியைப் பிடித்துக்கொண்டே அம்மாவுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன்.

"ஏண்டி, பாடம் நடத்துறியா, நாத்து நடுறியா?" என்று கேட்டுவிட்டு, அம்மா ஒரு குலவை விட்டாள் பாருங்கள்! ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். தூறலில் ஒழுங்காக நின்ற வரிசை முழுதும் திரும்பிப் பார்த்தது. "ஸாரி" என்றேன். அவர்களும் "ஸாரி" என்றார்கள். வீட்டில் நான் ஒத்திகை பார்த்ததைக் கண்டிருந்த யாழினி என் விரலைப் பிடித்துக் குனிந்து, ஈர நடைபாதையில் இல்லாத நாற்றை ஊன்றி, ஓரடி பின்னால் வைத்தாள். நானும் வைத்தேன். முகம் குடவாசல் பார்த்து, குதிகால் இந்த ஊருக்குள்.