ஷிப் கொத்தும் செல்வராணியும்

பஸ் கொண்டக்டர் ஒருவர் என் வகுப்புக்கு மாடிப்படி ஏறி வந்தது அந்த ஒருநாள்தான். மூச்சு வாங்க வாசலில் நின்றார்.

“சேர், உங்களிட்டப் படிக்க எங்கட பஸ்ஸில வாற நிலாவெளிச் செல்வராணியைச் செக்பொயின்ரில ஆமிக்காரர் இறக்கி வைச்சிருக்கினம். பையில ஏதோ கப்பல் லிஸ்ட் இருந்ததாம்.”

அந்த லிஸ்டை எழுதியது நான்.

யுத்த காலத்தில், திருகோணமலைத் துறைமுகத்துக்குப் போகும் தெருவில், ஒரு பலசரக்குக் கடையின் மேல்மாடியில் ஆங்கில வகுப்பு நடத்தினேன். படிக்க வந்தவர்கள் வேலை தேடும் பெரியவர்கள். இலக்கணத்தைக் காட்டி அவர்களை வெருட்டுவது எனக்குப் பிடிக்காது. ஒரே எழுத்துத் துண்டு வரும் சொற்களைச் சேர்த்துக் கட்டி, பொருளோடு கொடுப்பேன். அதற்குக் கொத்து என்று பெயர் வைத்திருந்தேன். போர்ட் கொத்தில் இம்போர்ட் என்றால் உள்ளே கொண்டுவருவது, எக்ஸ்போர்ட் என்றால் வெளியே அனுப்புவது. ஒன்றைப் பிடித்தால் பத்துச் சொல் கூடவே வரும் என்று போகிற இடமெல்லாம் பெருமையடிப்பேன்.

செல்வராணிக்கு இரண்டு பிள்ளைகள், கணவர் உயிரோடு இல்லை. அன்று பத்து மணிக்கு டவுனில் ஒரு நிவாரண அலுவலகத்தில் கிளார்க் வேலைக்கு அவருக்கு இன்டர்வியூ. “பஸ்ஸில பாடமாக்குங்கோ” என்று முந்திய வகுப்பில் ஷிப் கொத்தைத் தனித்தாளில் எழுதிக் கொடுத்தேன். பிரண்ட்ஷிப் நட்பு, ஹார்ட்ஷிப் கஷ்டம், ஸ்கொலர்ஷிப் புலமைப்பரிசில், மெம்பர்ஷிப் அங்கத்துவம். அதோடு நிறுத்தியிருக்கலாம். என் கெட்டித்தனம் விடவில்லை. கடைசியில் வோர்ஷிப், பற்றில்ஷிப் என்று இரண்டு போர்க்கப்பல்களையும் சேர்த்தேன். தாளில் தமிழ்ப் பொருள் எழுதவில்லை, அதை வாயால்தான் சொல்லிக் கொடுத்தேன். தலைப்பும் இல்லை, பெயரும் இல்லை. அவரோ பாடமான சொற்களுக்கு எதிரே பென்சிலால் சரிக்குறி போட்டிருந்தார். துறைமுக ஊரில், கப்பல் பெயர், எதிரே சரிக்குறி. சந்தேகப்பட வேறென்ன வேண்டும்?

சைக்கிளில் போய்ச் சேர்ந்தபோது ஒன்பதரை. தகரக் கொட்டிலில் மர வாங்கு ஒன்றில் செல்வராணி உட்கார்ந்திருந்தார். மேசையில் என் தாள். இராணுவ அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார்.

“யார் எழுதியது?”

“நான்.”

“தான்தான் எழுதியதாக இந்தப் பெண் சொல்கிறாள். இரண்டு பேரில் யார் பொய்?”

திரும்பிப் பார்த்தேன். செல்வராணி நிலத்தைப் பார்த்தபடி இருந்தார். ஓம், அவதான் எழுதினவ என்று ஒரு வார்த்தை சொன்னால் வந்த வழியே போய்விடலாம். அந்த நினைப்பு எனக்கு வந்தது. அதை இப்போது மறைக்க விருப்பமில்லை.

பேனை கேட்டு வாங்கி, தாளின் பின்பக்கத்தில் அதே சொற்களை அதே வரிசையில் எழுதினேன். எழுத்து என் எழுத்துத்தான். அதிகாரி புரட்டிப் புரட்டிப் பார்த்தார். ஒவ்வொரு சொல்லின் பொருளையும் என்னிடம் கேட்டார். பிறகு வோர்ஷிப்பில் விரலை வைத்துச் செல்வராணியைக் கேட்டார்.

“இதற்கு மட்டும் ஏன் சரி போடவில்லை?”

“அது இன்னும் பாடமாகவில்லை, சேர்” என்று செல்வராணி ஆங்கிலத்தில் பிழையில்லாமல் சொன்னார்.

அதிகாரி சிரித்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மேலிடத்துக்குப் போன் எடுத்தார், எங்களை இருக்கச் சொன்னார். விடும்போது பதினொன்று தாண்டிவிட்டது. தாளை அவர்களே வைத்துக்கொண்டார்கள்.

நிவாரண அலுவலகத்தில் இன்டர்வியூ முடிந்திருந்தது. “ஆளை எடுத்தாச்சு” என்று வாசலில் நின்றவர் சொன்னார். நான் மன்றாடிப் பார்த்தேன். பலனில்லை.

தெருவில் வைத்து எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “ஏன் பிள்ளை அப்பிடிப் பொய் சொன்னனீங்கள்? என்ர பேரைச் சொல்லியிருந்தா அப்பவே எனக்கு ஆள் அனுப்பியிருப்பினம். இன்டர்வியூவுக்கும் போயிருக்கலாம்.”

“சொன்னா உங்களையும் பிடிச்சுக்கொண்டு போவினம் எண்டு பயந்தனான் சேர்” என்றார். “என்னோட போகட்டும் எண்டு விட்டிட்டன்.”

எனக்கு அழுகை வந்தது. நடுத்தெருவில் அழுதேன், வெட்கமாகவும் இருந்தது.

அடுத்த வகுப்பிலிருந்து நான் கொடுத்த ஒவ்வொரு தாளின் தலையிலும் ‘ஆங்கிலப் பாடம்’ என்று தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்று மொழியிலும் எழுதினேன். கீழே என் முழுப்பெயர், விலாசம், கையெழுத்து. “உமக்கென்ன விசரோ? இந்தக் காலத்தில ஆரும் பேரை எழுதிக் குடுப்பினமோ?” என்று சிநேகிதர்கள் ஏசினார்கள். ஏசட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது பாடம் எடுக்கும் இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான். தாளை எழுதுபவர் வீட்டில் இருப்பார், அதைக் கொண்டு திரிபவர்தான் தெருவில் பதில் சொல்ல வேண்டும். ஆகவே உங்கள் பெயரைப் போட்டே கொடுங்கள். இதைப் படித்துக்கொள்ள எனக்கு அரைநாள்தான் செலவானது. செல்வராணிக்கோ ஒரு வேலையே போனது.