பேய்க் கம்பெனியில் துரை வேலை

அக்காவின் பேரன் போனில் ஒரு ஜப்பான் கார்ட்டூனைப் பற்றிப் பேசி என்னை அறுத்து எடுத்துவிட்டான். பேய் பிடிக்க ஒரு படை இருக்கிறதாம். புதிதாகச் சேர்ந்தவன் கடைசிப் படியில் நிற்பானாம். பேயைக் கொல்லக் கொல்ல மேலே ஏறலாமாம். உச்சிப் படியில் இருப்பவர்கள் நடந்து வந்தால் மற்றவர்கள் மூச்சு விட மாட்டார்களாம். "உங்க காலத்துல இப்படில்லாம் உண்டா ஆச்சி?" என்று கேட்டான். இல்லாமல் என்ன! எழுபதுகளில் வண்டிப்பெரியாருக்கு மேலே, எங்கள் தேயிலை எஸ்டேட்டின் லயத்து வரிசை வீடுகளில், ஒரு பேய்க் கம்பெனியே நடந்தது. அதில் நான் துரை, அதாவது எஸ்டேட் மேனேஜர். "அப்ப நீங்கதான் டாப்பு!" என்று கத்தினான். அதுதான் இல்லை. அந்தக் கம்பெனியில் துரைதான் எல்லாருக்கும் கீழே.

கம்பெனியை ஆரம்பித்தவள் அக்கா. என்னைவிட மூன்று வயது மூத்தவள். ஆனால் பக்கத்தில் நின்றால் என் தோளுக்குத்தான் வருவாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் லயத்துப் பிள்ளைகள் எல்லாம் பைப்படியில் கூடுவோம். பிடிக்க வேண்டிய பேய்களையும் அவளே செய்து தருவாள். கொழுந்து வாட்டும் மாடியில் குடியிருக்கும் சாக்குத்தலையன், ஓடைக்கரை அட்டைகளுக்கெல்லாம் ராணி, பனிமஞ்சு இறங்கினால் பின்னாலேயே நடந்து வந்து நம் பேரையே நம்மிடம் கேட்கிற ஒருத்தி. இந்தக் கடைசிக்காரியை நினைத்து நான் ஒரு மழைக்காலம் முழுக்கத் தனியாக வெளிக்குப் போகவில்லை.

படிகளையும் அவள்தான் வகுத்தாள். "பேய்க்குக் கிட்டக்கப் போறவதான் பெரியவ. தள்ளி நிக்கிறவன் சின்னவன். இதுதான் நம்ம கம்பெனி சட்டம்" என்றாள். துரை ஜீப்பை விட்டு இறங்கமாட்டார், ரோட்டிலேயே நிற்பார், அதனால் கடைசி. அவருக்கு மேலே குடை பிடித்தபடி வரப்புவரை வந்து வேலையை மேற்பார்க்கிற கண்டக்டர். அவருக்கு மேலே, செடி வரிசையான நிரைக்குள் இறங்கிக் கத்துகிற கங்காணி. அதற்கும் மேலே, செடியை வெட்டுகிற கவாத்துக்காரன். எல்லாருக்கும் உச்சியில், இலை கிள்ளுகிற கொழுந்துக்காரி. அவள்தான் கையில் ஒன்றும் இல்லாமல் முதலில் செடிக்குள் கை விடுகிறவள். உள்ளே பாம்பு இருந்தாலும் சரி, பேய் இருந்தாலும் சரி, முதலில் தொடுவது அவள் விரல். பிடித்த பேயைக் கூடையில் போட்டு எடைக்குக் கொண்டு வருவதும் அவள் வேலை. கங்காணி வேலை பார்க்கிற பையன், நிஜ எடையில் ஈரக் கொழுந்துக்குக் கழிப்பதுபோலவே, "ஈரப் பேய், தண்ணிக்குக் கழிக்கணும்" என்று சொல்லிப் பாதியைக் கழித்துவிடுவான். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம்.

அம்மாவும் சிரிப்பாள். அம்மா நிஜக் கொழுந்துக்காரி. அப்பா நான் பேச ஆரம்பிக்கும் முன்பே காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டதால், அவள் கை ஓடினால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும். "ஏட்டி, துரைய இப்படி அடியில போட்டு வச்சிருக்கீங்களே, எவனாவது போய்ச் சொன்னா என் பேர வெட்டிருவாவட்டி" என்பாள். ஆனால் சொல்லும்போதே அவளுக்கு முகம் மலர்ந்துவிடும்.

எனக்கோ ஆத்திரம். எத்தனை நாள் ரோட்டில் நின்று வேடிக்கை பார்ப்பது? படி ஏற்றிவிடு என்று சண்டை போடுவேன். "நெட்டக்கொக்கு, ஒனக்குத்தான் தூரத்துல வாறது தெரியும். பேசாம நில்லு" என்பாள் அக்கா. அவள் கவாத்துக்காரி. பேய்க்கூடையையும் அவளே சுமப்பாள், ஆனால் உச்சிப் படியை மட்டும் யாருக்கும் கொடுக்காமல் காலியாகவே வைத்திருந்தாள். கேட்டால், "அந்த வேலைக்கு ஆளு இன்னும் வரல" என்பாள். போடி, நீயும் உன் கம்பெனியும் என்று கோபித்துக்கொண்டு போவேன். மறுநாள் வெட்கமில்லாமல் ரோட்டில் போய் நிற்பேன்.

ஐப்பசி மழையில் அம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. காய்ச்சலோடு வேலைக்குப் போனாள். பிறகு போகவில்லை. எஸ்டேட் ஆசுபத்திரியில் படுத்தாள், அங்கேயே முடிந்துபோனாள்.

நான் அழவில்லை. வரும் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. பக்கத்து வீட்டு அத்தை என்னைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தபோது அவள் சேலையில் மண்ணெண்ணெய் வாடை அடித்தது. அதுதான் நினைவில் இருக்கிறது. மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்போமே, அப்படி என் கையைக் கிள்ளிக்கூடப் பார்த்தேன். அக்கா அழுது அழுது குரல் கட்டிப்போய்க் கிடந்தாள். அவளைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது.

லயத்து வீடு நமக்குச் சொந்தமில்லை. வேலையோடு வருகிற வீடு, வேலையோடு போய்விடும். வீட்டில் ஒருத்தர் செத்தால் இன்னொருத்தர் வேலைக்குப் பேர் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை யாரும் கேட்கமாட்டார்கள். அது எங்கள் பக்கத்தில் ஒரு மரியாதை. அம்மாவுக்கு ஊர்முறையில் அண்ணன் ஆகிற கங்காணி மாமாதான் வந்து பக்குவமாக எடுத்துச் சொன்னார்.

"யாரு பேரு குடுக்கப் போறீங்க? வீட்ட ஒழிச்சுக் குடுத்துட்டு எங்க போவீங்க? கீழ ஊருல நமக்கு என்ன கெடக்கு, சுடுகாடுகூட அந்நியந்தான்."

"நான் குடுக்கேன் மாமா" என்றாள் அக்கா.

"நீ பத்தாங்கிளாஸுல்லா? மார்ச்சுல பரீட்சைல்லா?"

"தலைக்கு மேல கூரை இருந்தாத்தான மாமா பரீட்சை."

மாமா துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார்.

சின்ன வயதுக்காரர்களை வேலைக்கு எடுக்க டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டும். பிறந்த தேதி எல்லாம் அங்கே ஒரு பேச்சே இல்லை. பள்ளிக்கூடத்தில் எழுதியது பள்ளிக்கூடத்துக்கு. எஸ்டேட்டுக்குப் பல்லும் உயரமும்தான் வயது. அக்கா அம்மாவின் சேலையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். நானும் மாமாவும் கூடப் போனோம். டாக்டர் மலையாளி. அவளை வாயைத் திறக்கச் சொன்னார், சுவரோரம் நிறுத்தினார், கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "ரக்தம் இல்ல. இவள் பற்றில்ல" என்றார். ரத்தம் இல்லை, வேலைக்கு ஆகமாட்டாள் என்று அர்த்தம்.

"சார், நான்தான் மூத்தவ" என்றாள் அக்கா.

அவர் அவளைப் பார்க்கவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். கூப்பிட்டு வாயைத் திறக்கச் சொன்னார். அதே சுவரில் நிறுத்தினார். "இவள் மதி" என்றார். இவள் போதும் என்கிறார்.

"சார், அவ ஏழாங்கிளாஸு பச்சப்புள்ள சார்" என்றார் மாமா.

"பல்லு பதினஞ்சு பறயுன்னு" என்று சொல்லிவிட்டு டாக்டர் கை கழுவப் போனார். பல் பதினைந்து சொல்கிறது என்றால் பதினைந்துதான். எனக்குப் பன்னிரண்டு.

திரும்பி வரும் வழியெல்லாம் அக்கா தன்னைத்தானே திட்டிக்கொண்டு வந்தாள். "நான் ஒரு சவம், வளரவும் தெரியல, ரத்தம் ஊறவும் தெரியல." மாமா சமாதானம் சொன்னார். என்னிடம் மாமா, "என்னட்டி, போறியா?" என்று கேட்டார். "போறேன்" என்றேன். பயமா, வருத்தமா என்று அக்கா கேட்டாள். ஒன்றும் இல்லை என்றேன். நிஜமாகவே ஒன்றும் இல்லை.

அன்றைக்குப் பொழுது சாய்கிற நேரம் பிள்ளைகள் பைப்படியில் கூடியிருந்தார்கள். அக்கா வீங்கிய முகத்தோடு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நடுவில் நிறுத்தினாள். "இனிமே இவதான் கொழுந்துக்காரி" என்றாள். அத்தனை பிள்ளைகளும் எழுந்து நின்றார்கள். எத்தனை நாள் சண்டை போட்டுக் கேட்டது! வீட்டுக்குப் போய்த் தூங்கலாமா என்றுதான் எனக்குத் தோன்றியது.

அதற்குப் பிறகு கம்பெனி நடக்கவில்லை. நான் விடியற்காலை ஆள் கணக்கெடுக்கிற மஸ்டருக்குப் போய், வேலை முடிந்து திரும்பும்போது இருட்டிவிடும். அக்கா சோறாக்கி வைத்துவிட்டு விளக்கடியில் படித்துக்கொண்டிருப்பாள். என் விரல்களில் கறுப்பாகக் கறை ஏறிவிட்டது. புளியைக் கரைத்துத் தினமும் அவளே தேய்த்துவிடுவாள். "வலிக்காட்டி?" என்பாள். வெடிப்பில் புளி பட்டால் யாருக்கு வலிக்காது? எனக்கு வலிக்கவில்லை. அவள் ஆசுபத்திரியில் ரத்த மாத்திரை வாங்கித் தின்றுகொண்டிருந்தாள். கீரை, முருங்கை இலை, யாரோ சொன்னார்கள் என்று பேரீச்சம்பழம். "பரீட்ச முடியட்டும். ரத்தம் ஏறுனதும் நான் வந்து பேரு குடுத்துருதேன். நீ மறுபடி பள்ளிக்கூடம் போவணும், கேட்டியா?" என்பாள். கேட்டேன் என்று தலையாட்டிவிட்டு அவள் மடியிலேயே தூங்கிவிடுவேன்.

மே மாதம் ரிசல்ட் வந்தது. அவள் வண்டிப்பெரியாரில் டீக்கடைப் பேப்பரில் நம்பரைப் பார்த்துவிட்டு, பஸ்ஸுக்குக்கூடக் காத்திருக்காமல் மலையேறி ஓடிவந்திருக்கிறாள். நாங்கள் சரிவில் நிரை பிடித்துக் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தோம். செடிகளுக்கு நடுவே, "நான் பாஸாயிட்டேன்ட்டி! பாஸாயிட்டேன்!" என்று கத்திக்கொண்டே வந்தாள். நிரையில் இருந்த பெண்கள் எல்லாம் கையை நிறுத்திக் குலவையிட்டார்கள். கங்காணி மாமாகூட அதட்டவில்லை. அக்கா எனக்கு எதிரே வந்து நின்று மூச்சு வாங்கினாள். "டாக்டரப் பாத்துட்டு வாறேன். இப்ப ரத்தம் இருக்கு, பாரு, பாரு" என்று இமையைக் கீழே இழுத்துக் காட்டினாள். "நாளைக்கே மாத்திக்கலாம்ட்டி. நீ போயி படி."

நான் அந்த இமையைப் பார்த்தேன். உள்ளே சிவப்பாகத்தான் இருந்தது. என் இரண்டு கைகளும் நிற்காமல் செடி மேல் போய்க்கொண்டிருந்தன. பள்ளிக்கூடம் என்ற சொல் எனக்குள் எங்கேயும் போய்த் தட்டவில்லை.

"ஒரு வார்த்த சொல்லுட்டி" என்றாள் அக்கா. அழுதுவிடுவாள் போல இருந்தது.

"ஓரமா நில்லு" என்றேன். "கூடை இடிக்கும்."