சீல் வைத்த ஜாஸ்

கீபோர்டு வாசிக்கிறவனுக்கு ஆயுசுக்கும் ஒரே வேலைதான்: எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிந்ததை, தெரிந்த மாதிரியே திரும்ப வாசித்துக் காட்டுவது. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் நான் பார்க்கிற மெர்ச்சண்டைசர் வேலையும் அதே கதைதான். சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் ஒரு பனியன் சாம்பிளைப் பார்த்து, சரி என்று அட்டை கட்டி சீல் வைத்துவிட்டால், அப்புறம் தைக்கிற ஒவ்வொரு உருப்படியும் அச்சு அசலாக அதைப் போலவே இருக்க வேண்டும். கழுத்துப்பட்டி கால் இஞ்ச் கூடினால் சரக்கு மொத்தமும் திரும்பி வரும். வாரத்தில் ஆறு நாள் இந்த வேலை, முகூர்த்த நாளில் கல்யாண மண்டபத்தில் அந்த வேலை. இப்படி இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டு முழிப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், நான் ஐரோப்பா போகாமல் போன கதை அவர்களுக்கு மட்டும் சட்டென்று புரிந்துவிடும்.

மறந்துபோன தம்பி

குன்னத்தூரில் ஒரு கல்யாண வரவேற்பு. எங்கள் ஆர்கெஸ்ட்ராவில் நூறு தடவை வாசித்துச் சலித்த பாட்டு. இடையிசை வந்தபோது அன்றைக்கு என்னவோ தோன்றியது, இரண்டு வரி என் இஷ்டத்துக்கு மாற்றி வாசித்துவிட்டேன். எனக்கே உடம்பு சிலிர்த்துப்போனது. குழுத் தலைவர் மட்டும் என்னை முறைத்தார்.

பாட்டு முடிந்ததும் பெண்ணின் மாமா பந்தியிலிருந்து நேராக மேடைக்கு வந்தார். பாராட்டப் போகிறார் என்று சட்டைக் காலரைக்கூடச் சரிசெய்துகொண்டேன். மனுஷன் என் காதோரம் குனிந்து, ரொம்ப அனுசரணையாகக் கேட்டார்: "ஏனுங்க தம்பி, நல்லாத்தானுங்க வாசிச்சுட்டு இருந்தீங்க, நடுவுல எப்படிங்க மறந்துபோச்சு?"

மூன்று ஊர் ஆட்கள்

வில்லெம் ஹாலந்துக்காரர். பையர் தரப்பில் சரக்கைப் பரிசோதித்து பாஸ் செய்கிற ஆள். ஒரு கையில் அளவு டேப்பும் இன்னொரு கையில் சாக்ஸபோன் பெட்டியுமாக எங்கள் கம்பெனிக்கு வருவார். நிமல் கொழும்பிலிருந்து வந்த சிங்களவர், எங்கள் புரொடக்‌ஷன் மேனேஜர். அந்த ஊர் ஓட்டல்களில் டிரம்ஸ் வாசித்தவராம். தமிழைத் தையல் லைனில் நின்றே கற்றுக்கொண்டதால், திட்டும்போதும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவார். நான் கீபோர்டு வாசிப்பேன் என்று தெரிந்ததும் இரண்டு பேரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பகலில் கம்பெனி சாப்பாட்டுக் கூடத்தில் மூவரும் ஜாஸ் வாசிப்பது என்று முடிவாயிற்று.

முதல் ஞாயிறு நான் நோட்டும் பேனாவுமாகப் போய் உட்கார்ந்தேன். எந்தப் பாட்டு, என்ன ஸ்கேல், எத்தனை சுற்று என்று கேட்டேன். வில்லெம் சிரித்தார். ஒருவர் தொடங்குவார், மற்ற இருவரும் காது கொடுத்துக் கேட்டு அதற்கு பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் என்றார். அதை எப்படி எழுதிக்கொள்வது என்று நான் கேட்டதும் நிமலுக்குப் பொறுமை போய்விட்டது. "நோட்டை மூடுங்க. ஊட்டுல சண்டை போடறப்ப எழுதி வச்சா போடறீங்க?"

கரண்ட் போன ஞாயிறு

நாலைந்து மாதம் போயும் எனக்கு அந்தக் கலை பிடிபடவில்லை. அவர்கள் இருவரும் வாத்தியத்திலேயே பேசிக்கொண்டிருப்பார்கள், நான் தலையாட்டிக்கொண்டிருப்பேன். அப்படி ஒரு ஞாயிறு பாதி வாசிப்பில் கரண்ட் போய்விட்டது. ஞாயிறன்று ஜெனரேட்டர் ஓடாது. சாக்ஸபோனுக்கும் டிரம்ஸுக்கும் கரண்ட் எதற்கு, அவை பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. என் கீபோர்டு மட்டும் செத்துக் கிடந்தது. கூடத்து மூலையில், வெள்ளிக்கிழமை பூஜைக்குப் பாட வருகிறவர்கள் வைத்துவிட்டுப் போன ஆர்மோனியம் இருந்தது. எடுத்தேன். அதில் ஒரு கட்டையை அழுத்தினால் வெறும் 'டக்'தான், ஸ்வரமே வராது. எந்தக் கட்டை என்பதே வாசிக்க வாசிக்கத்தான் தெரிந்தது. அது வருகிற இடத்திலெல்லாம் தப்பித்து வேறு பக்கம் ஓட வேண்டியிருந்தது. ஓடிய இடத்தில் வில்லெம் நின்றார். நான் ஒன்று கேட்டேன், அவர் பதில் சொன்னார், நிமல் நடுவில் புகுந்து எங்கள் இருவரையும் கிண்டல் செய்தார். எவ்வளவு நேரம் போனது என்றே தெரியவில்லை. என் வாழ்க்கையில் நான் சங்கீதம் வாசித்தது அன்றைக்கு மட்டும்தான்.

வில்லெம் தன் சின்ன ரெக்கார்டரில் எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டிருந்தார். கேண்டீன் துளசியக்கா அடுத்த நாளைக்குத் தட்டுகளைக் கழுவி அடுக்கியபடியே முழுவதையும் கேட்டது. நாங்கள் மூச்சு வாங்க நிறுத்தினோம். அக்கா கைகளைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "ஏனுங்க தம்பி, சுருதி சேத்தி முடிஞ்சுதுங்களா? எப்பங்க பாட்டு ஆரம்பிப்பீங்க?" என்றது.

ஸ்வெட்டர்

அந்தப் பதிவை வில்லெம் தன் நாட்டுக்கு அனுப்பியிருக்கிறார். அங்கே கச்சேரி ஏற்பாடு செய்கிற ஓர் அம்மா அதைக் கேட்டுவிட்டு, இந்தியா வரும்போது நேரில் கேட்கிறேன், பிடித்திருந்தால் மூவருக்கும் ஆறு வாரம் ஐரோப்பாவில் கச்சேரி என்று எழுதினார். பாஸ்போர்ட் எடுத்தேன். முதலாளி லீவு தருவதாகச் சொன்னார். ஊரெல்லாம் பனியன் தைக்கிற ஊரில், என் மனைவி கவிதா எனக்காகக் கம்பளி ஸ்வெட்டர் தேடிக் கடை கடையாக அலைந்து வாங்கினாள்.

எனக்கோ பயம். அன்றைக்கு ஏதோ குருட்டு அதிர்ஷ்டத்தில் வந்தது, அந்த அம்மா முன்னால் வராமல் போனால்? வில்லெமிடம் பதிவின் பிரதியை வாங்கினேன். ஹெட்போன் மாட்டிக்கொண்டு, ஆர்மோனியத்தில் நான் வாசித்த ஒவ்வொரு ஸ்வரத்தையும் நோட்டில் எழுதினேன். வில்லெம் தன் ஊருக்குப் போயிருந்ததால் ஞாயிறு வாசிப்பும் இல்லை, விடிந்ததும் எழுந்து மூன்று மாதம் அதையே சாதகம் செய்தேன். கீபோர்டில் எல்லாக் கட்டையும் ஒழுங்காகச் சத்தம் கொடுக்கும். ஆனாலும் ஆர்மோனியத்தின் ஊமைக் கட்டைக்குத் தப்பி ஓடிய இடங்களில் இதிலும் அப்படியே தப்பி ஓடினேன். என்ன சொல்ல, பையர் ஓகே செய்த சாம்பிள் அல்லவா? கவிதா காபியை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பாட்டு வராது. சந்தேகம் மட்டும் வந்தது. "ஏனுங்க, அவங்க ரெண்டு பேரும் அன்னிக்கு வாசிச்சதையேதான் அங்கயும் வாசிப்பாங்களா?"

பரிசோதனை முடிவு

கோயம்புத்தூரில் ஒரு கல்லூரி அரங்கம், சாயங்காலம், முதல் வரிசையில் அந்த அம்மா. கவிதா கேட்டதற்குப் பதில் அங்கே முதல் நிமிஷத்திலேயே கிடைத்தது. வில்லெம் மெதுவாக, ரொம்ப அடக்கமாக, நான் கேட்டறியாத ஒன்றைத் தொடங்கினார். நான் மனப்பாடம் செய்திருந்ததற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கொஞ்ச நேரம் வழி பார்த்தேன், அப்புறம் என்னுடையதை அதன் மேலேயே ஏற்றி வைத்து வாசித்தேன். நிமல் வேகத்தைக் குறைத்தார், கூட்டினார், இரண்டையும் ஒட்டவைக்கப் பார்த்தார். 'காதைக் கொடுங்க' என்பது போல என்னையே பார்த்தார். நான் பார்க்காதது போலக் குனிந்துகொண்டேன். வில்லெம் சாக்ஸபோனை வாயிலிருந்து எடுத்துவிட்டு ஓரமாக நின்றுகொண்டார். நான் கடைசி ஸ்வரம்வரை ஒரு பிசகு இல்லாமல் வாசித்து முடித்தேன். ஜனங்கள் நன்றாகவே கை தட்டினார்கள். அந்த அம்மாவும் சிரித்தபடி கை கொடுத்தார், அந்தச் சிரிப்பிலேயே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது.

மூவரும் காரில் திரும்பினோம். வில்லெம் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. அளவு டேப்பைச் சுருட்டிக்கொண்டே லைனில் சொல்வாரே, அதே நிதானத்தில் இங்கிலீஷில் சொன்னார்: "சாம்பிள் மாதிரியே இருந்தது, ஒரு குறையும் இல்லை. அதனால்தான் என்னால் பாஸ் செய்ய முடியவில்லை."

பார்சல்

பெல்ஜியத்திலிருந்து ஒரு பியானோக்காரரைச் சேர்த்துக்கொண்டு அவர்கள் இருவரும் போனார்கள். ஆறு வாரம் ஒரு வருடமாக நீண்டது. வில்லெம் பரிசோதனை வேலையை விட்டார். நிமலும் எங்கள் கம்பெனிக்குத் திரும்பவில்லை, அங்கேயே டிரம்ஸ் வாசித்துப் பிழைக்கிறார். கேள்விப்பட்டுச் சந்தோஷப்பட்டேன் என்று எழுத ஆசைதான். ஆனால் வயிறு எரிந்தது. ஸ்வெட்டரை என் மாமனார் மார்கழியில் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகும்போது போட்டுக்கொள்கிறார்.

சில வருடம் கழித்துக் கம்பெனி விலாசத்துக்கு ஒரு பார்சல் வந்தது. உள்ளே அவர்கள் வெளியிட்ட சிடி. அட்டையில் பெல்ஜியக்காரரோடு சேர்த்து அவர்கள் மூன்று பேர் பெயர் பெரிதாக. பின்பக்கம் கடைசிப் பாட்டுக்கு நேராக, பொடி எழுத்தில் என் பெயர், பக்கத்தில் 'ஆர்மோனியம்'. மத்தியானச் சாப்பாட்டு வேளையில் கூடத்தில் போட்டுக் கேட்டேன். அதே ஞாயிறுதான். வில்லெம் எதையும் வெட்டவில்லை. ஊமைக் கட்டையின் 'டக்'கும் தட்டு அடுக்குகிற சத்தமும் அப்படியே இருந்தன. கடைசியில் துளசியக்காவின் குரல் 'எப்பங்க பாட்டு ஆரம்பிப்பீங்க?' என்று கேட்க, அதோடு சிடி முடிந்தது. அக்கா சாம்பார்க் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டது. எனக்குக் கண் கலங்கியதைப் பார்த்ததோ என்னவோ, கிட்டே வந்து மெதுவாகக் கேட்டது: "அப்பவே ஆரம்பிச்சிருச்சுங்களா தம்பி? எனக்குத் தெரியாமப் போச்சுங்களே."

எனக்கும்தான் தெரியாமல் போயிற்று அக்கா. ஒருமுறை சரியாக வந்துவிட்டால் அதற்கு உடனே சீல் வைத்துவிட வேண்டும் என்பதைத் தவிர, இந்தத் தொழில் எனக்கு வேறெதையும் சொல்லித் தரவில்லை.