பம்பரமும் பையனின் கணக்கும்

அலுவலகத்தில் அவருக்குப் பம்பரம் என்று பெயர். நாற்காலியில் இருப்புக் கொள்ளாது. பல நாட்டு வியாபாரிகளின் இணையதளங்கள் குடியிருக்கும் சர்வர்கள் பக்கத்து அறையின் குளிரில் இரைந்துகொண்டிருக்கும். அவை ஒழுங்காக ஓடுகின்றனவா என்பதைத் தன் மேசைத் திரையிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் இந்த மனிதருக்கு எழுந்துபோய்க் கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்த்தால்தான் நிம்மதி.

"நீங்க பாக்கலன்னா அது ஓடாதா சார்?" என்பாள் பக்கத்து மேசைக்காரி.

"எதுக்கும் ஒரு பார்வை பாத்துடலாம்னுதான்."

அந்தத் தளங்களில் ஒன்று அவருடைய மகனுடையது. பழைய கேமராக்களைப் பழுதுபார்த்து விற்கும் தளம். ஏதோ பொழுதுபோக்கு என்று நினைத்து இவரேதான் அதற்கு இடம் ஒதுக்கிக் கணக்குத் திறந்து கொடுத்தார். பையனோ அதையே தொழிலாக்கிக்கொண்டு, அப்பா தன் கம்பெனியில் வாங்கிக் கொடுத்த வேலையை உதறிவிட்டுக் கடல் தாண்டிக் கிளம்பினான். "போறவன் ஒரேயடியாப் போ. எனக்கு போன் கீன் பண்ணாத" என்று வாசலில் நின்று கத்தினார். அதுவரை அப்பன் சொன்ன எதையும் காதில் வாங்காத பிள்ளை இதை மட்டும் அட்சரம் பிசகாமல் கேட்டான்.

அம்மாவுடன் மட்டும் பேசுவான். அந்த நேரம் இவர் பால்கனிக்குப் போய்விடுவார். காது மட்டும் கூடத்திலேயே இருக்கும். என்ன பேசினான் என்று கேட்க ரோஷம் விடாது. அதற்குப் பதிலாக அலுவலகத்தில் ஒரு வழி வைத்திருந்தார். பையன் தன் கணக்குக்குள் நுழைந்தால் திரையில் தெரியும். தெரிந்த நாளில் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே, "உன் புள்ள இன்னைக்கு வந்துட்டுப் போனான்" என்பார். மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுப்பைப் பார்ப்பாள்.

ஒரு நாள் அவனிடமிருந்து விண்ணப்பம் வந்தது. தளத்தை அந்த நாட்டுக் கம்பெனி ஒன்றுக்கு மாற்ற வேண்டுமாம். தளம் போனால் கணக்கும் மூடப்படும். பையன் நலமாக இருக்கிறானா என்று பார்க்க அவருக்கு இருந்த ஒரே வழியும் போய்விடும். குட்டி போட்ட பூனை மாதிரி சர்வர் அறைக்கும் மேசைக்கும் நடந்தார். ஏதாவது சாக்குச் சொல்லி இழுத்தடிக்கலாமா என்றுகூட நினைத்தார். அப்படி நினைத்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

மாற்றுவதற்கு முன் வாடிக்கையாளரை போனில் கேட்டு உறுதி செய்ய வேண்டும். அது கம்பெனி விதி. பேச்சு பதிவாகும்.

"நான் வேணா பேசட்டுமா சார்?" என்றாள் மேசைக்காரி.

"வேணாம்மா." எண்களை அவரே அழுத்தினார்.

மறுமுனையில் எடுத்தான்.

"வணக்கம் சார்" என்றார். பெற்ற பிள்ளையை சார் என்று கூப்பிட வேண்டிவந்தது. "தளத்தை மாத்தச் சொல்லி விண்ணப்பம் வந்திருக்கு. நீங்க கொடுத்ததுதானா?"

குரலை அடையாளம் கண்டுகொண்டான். "ஆமாங்க."

"காரணம்?"

"தூரம்தாங்க. வாங்குறவங்க எல்லாம் இங்க இருக்காங்க. ஒவ்வொரு படமும் கடல் தாண்டி வரணும். பக்கம் திறக்கிறதுக்குள்ள ஆளு போயிடுறாங்க."

சரியான காரணம். எத்தனையோ வியாபாரிகளுக்கு அவரே சொன்ன யோசனைதான். மறுத்துப் பேச ஒன்றும் இல்லாதது அவரை மேலும் படுத்தியது. நாற்காலியில் இருந்து எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார்.

"தளம் அங்க போனதும் இங்க இருக்கிற கணக்கை மூடிடலாமா சார்?"

"மூடாதீங்க."

"வெறும் இடம் சார் அது. உள்ள உங்களுக்கு ஒரு வேலையும் இருக்காதே."

"இப்பவும் ஒரு வேலையும் இல்லப்பா. தள வேலையெல்லாம் பாக்க இங்க சம்பளத்துக்கு ஒரு பொண்ணு இருக்கா. நான் உள்ள வந்தேனான்னு நீங்க தினமும் பாக்குறீங்கன்னு அம்மா சொன்னாங்க. அதுக்காகத்தான் உள்ள வரேன்."

அவர் முகத்தைப் பார்த்த மேசைக்காரி தலையைத் திருப்பிக்கொண்டாள். பம்பரம் நின்ற இடத்தில் அசையாமல் நின்றார். கண்ணில் வழிந்ததைத் துடைக்கவும் தோன்றவில்லை.

"கணக்கை மூடிடுறேன்டா" என்றார். "நீ எனக்கு போன் பண்ணு."